வளைவில் நாலு தடம்

இப்போதெல்லாம் மனுசன் வண்டி வாங்குவது எங்கேயாவது போவதற்கு இல்லை, நாலு பேருக்குக் காட்டுவதற்கு. ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு, வியூ பாயிண்டில் ஒரு போட்டோ, அதோடு சரி. தார் ரோட்டை விட்டு ஒரு முழம் கீழே இறங்க மாட்டான். ஆனால் டயர் மட்டும் டிராக்டருக்குப் போடுவது மாதிரி வேண்டும் அவனுக்கு. கேட்டால் ஆஃப்ரோடு என்பான். நல்ல ரோடு பக்கத்திலேயே இருக்கும்போது சேற்றில் வண்டியை விடுகிறவனுக்குச் சின்னன் வேறு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது.

மாரமங்கலம் போகும் வழியில், எஸ்டேட்டுக்குள் பிரிகிற மண் பாதையின் வளைவில், அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் போலீஸ் விரித்துக் கல் வைத்திருந்த நீலத் தார்ப்பாய். மணி பத்தரை. பனிமூட்டம் மிளகுக்கொடி உயரத்துக்கு இறங்கியிருந்தது.

சின்னன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். வனத்துறையில் முப்பத்திரண்டு வருசம் வாட்சராக இருந்தவர். மண்ணில் எது நடந்து போயிருந்தாலும், எப்போது போனது, நிதானமாகப் போனதா, வெருண்டு போனதா என்று சொல்லிவிடுவார். ரிட்டயர்டு ஆன பிறகு மாடு காணோம், மோட்டார் காணோம் என்று ஜனங்கள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். யார் வந்து என்ன சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார். அதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

பக்கத்தில் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றவள் பர்ஹானா. ஒண்டிக்கடை என்கிற ரோட்டு முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், முப்பத்தைந்து வயசு. சின்னனுக்குப் போனும் போட்டோவும் அவள்தான். கூடவே வாயும்.

"தார்ப்பாயைத் தூக்கட்டுங்களா, இல்ல மண்ணுக்குக் குளிருமுன்னு அப்படியே உட்றலாங்களா?"

"தூக்கு."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை விட்ட கையோடு, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த வளைவில் வந்தாள் மருதாயி. அறுபது வயசுக்காரி. ஏதோ ஒரு வண்டி அவளை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தவளைக் காலையில் வேலைக்கு வந்தவர்கள்தான் பார்த்தார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் இன்று வெள்ளிக்கிழமை வரை கண் திறக்கவில்லை.

மண்ணில் இருந்தது மட் டயர் தடம். சேற்றில் பிடிப்பதற்கென்று ரப்பர் கட்டை வைத்த டயர், அந்தக் கட்டையைத்தான் பட்டன் என்பார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன் பட்டனாகப் பதிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மட் டயர் போட்ட வண்டி காபிமூட்டை ஏற்றும் ராஜேந்திரனின் ஜீப் ஒன்றுதான் என்று ஊரே சொன்னது. அதே நேரத்தில் அதே வழியாகத்தான் அவனும் தனியாக வந்திருக்கிறான். போலீஸ் பிடித்து உட்கார வைத்துவிட்டது. இன்று மூணு மணிக்குச் சேலம் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறார்கள். மருதாயிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் வெளியே வருவது சுலபமில்லை.

விடியற்காலையில் அவன் பெண்சாதி கலாவதி சின்னன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் புருசன் அப்படிப்பட்டவரில்லை என்றாள். எல்லாப் பெண்சாதியும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சின்னன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். உன் புருசனை நம்பி நான் வரவில்லை, தடத்தைப் பார்க்கத்தான் வருகிறேன் என்றும் சொன்னார். அவள் அழுதுகொண்டே அதற்கும் சரி என்றாள்.

தார்ப்பாய் விலகியது. சிவப்பு மண் பிசைந்த மாவு மாதிரி தடத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தது. சின்னன் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே தவழ்ந்து போனார். நேராக வருகிற இடத்தில் இரண்டு கோடு. வளைவு தொடங்கிய இடத்தில் அந்த இரண்டு கோடும் பிரிந்து நாலாயின.

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்கய்யா, பாம்புங்களா?"

"நேரா போறப்ப முன்சக்கரத் தடத்து மேலயே பின்சக்கரம் ஏறிப் போயிரும். முன்னால என்ன டயரு இருந்துச்சுன்னு தெரியாது. வளைவுல முன்சக்கரம் வெளிய போவும், பின்சக்கரம் உள்ள வெட்டும். இங்க பாரு, நாலும் தனித்தனியா கெடக்குது."

"ஆமாங்க."

"நாலுலயும் பட்டன் இருக்குது."

பர்ஹானாவுக்கு உடனே பிடிபட்டது. இந்த மலையில் மூட்டை ஏற்றுகிற டிரைவர் எவனும் நாலு சக்கரத்துக்கும் மட் டயர் போட மாட்டான். பின்னால் இரண்டுக்குத்தான் போடுவான். முன்னாலும் போட்டால் மலை ரோட்டு வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது, டயரும் ஒரே சீசனில் மொட்டையாகிவிடும். ராஜேந்திரனின் வண்டியும் அப்படித்தான், முன்னால் சாதா டயர்.

"அப்ப இது சந்தைக்குப் போற வண்டி இல்லீங்க. சினிமாவுக்குப் போற வண்டி."

சின்னன் வெளிப்பக்க முன்தடத்தில் ஓரிடத்தைக் காட்டி, போட்டோ எடுக்கச் சொன்னார். அங்கே ஒரு பட்டனில் பாதி இல்லை. கல்லில் அடிபட்டுப் பிய்ந்தது போல, பிறை நிலா வடிவில் ஒரு குறை.

எஸ்.ஐ. புஷ்பலதாவுக்குப் பர்ஹானா போன் போட்டாள். அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டாள். ஆனால் ராஜேந்திரன் வீட்டுக் கொல்லையில் பழைய மட் டயர் இரண்டு கிடப்பதையும் சொன்னாள். அதை முன்னால் மாட்டிவிட்டுப் பிறகு கழற்றியிருக்கலாம் இல்லையா என்றாள். அந்த இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், பட்டன் எல்லாம் மொட்டையாகத் தேய்ந்து போய்க் கிடக்கிறது என்று சின்னன் கத்தியதற்கு, நாலு பட்டன் டயர் போட்ட வேறு வண்டியைக் காட்டுங்கள், மூணு மணிக்குள் காட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒண்டிக்கடையில் டயர் கடை வைத்திருப்பவர் பஷீர் அகமது. ராஜேந்திரனுக்கு மட்டும்தான் இந்த வருசம் மட் டயர் விற்றேன் என்று போலீசில் சொன்னவர் அவர்தான். அதிலிருந்து மாரமங்கலத்துக்காரர்கள் அவர் கடையில் காற்றுகூடப் பிடிப்பதில்லை. கடை வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனை. புது டயர் மாட்டினால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்து ஏற்றி நசுக்காமல் இந்த ஊரில் எவனும் வண்டியை எடுப்பதில்லை. அதற்கென்றே பஷீர் ஒரு கூடை பழம் வாங்கி வைத்திருப்பார்.

"டயர் வேணும்" என்றார் சின்னன்.

"வண்டி அப்பறமா வாங்கிக்குவாருங்க பாய்" என்றாள் பர்ஹானா.

பஷீர் சிரிக்கவில்லை. சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஆனால் டயரைப் பற்றிக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. மட்டா, ஆல் டெரெய்னா என்று கேட்டார். நீயே சொல்லு என்றார் சின்னன். வருசத்தில் எத்தனை நாள் சேற்றில் ஓட்டுவீர்கள், எத்தனை நாள் தாரில் ஓட்டுவீர்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது என்றார் பஷீர். மட் டயரில் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அதிகம், சேற்றை வாரி வெளியே எறிந்துவிட்டு அடுத்த பிடி பிடிக்கும். ஆனால் ஈரத் தாரில் பிரேக் போட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். ஆல் டெரெய்னில் பட்டன் நெருக்கம். தாரும் ஓடும், கப்பி ரோடும் ஓடும், கெட்ட சேறு மட்டும் ஆகாது.

"நெருக்கமுங்கறதால உள்ள போனது வெளிய வராதுங்க. ஒரு கூழாங்கல்லு மாட்டுச்சுன்னா மாசக்கணக்குல குடியிருக்கும்."

"வாடகை குடுக்குமுங்களா?" என்றாள் பர்ஹானா.

சின்னன் நேராக விஷயத்துக்கு வந்தார். நாலு சக்கரத்துக்கும் மட் டயர் போட்ட வண்டி இந்த மலையில் எது என்று கேட்டார். தான் யாருக்கும் போட்டுத் தரவில்லை என்று பஷீர் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைச் சின்னன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து துண்டை உதறினார். அப்போதுதான் பஷீர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாக்கலீங்க. கேட்டேன்."

"என்னத்தை?"

"பத்து நாளிருக்கும். சாயங்காலம் அசர் தொழுகைல இருந்தனுங்க. கடைக்கு முன்னால ஒரு வண்டி போச்சு. குளவிக்கூடு கலைஞ்ச மாதிரி ஒரே ரீங்காரம். தார் மேல மட் டயரு போனா அந்தச் சத்தந்தான் வரும். பின்னால மட்டும் போட்டிருந்தா அவ்வளவு வராது, நாலுலயும் இருந்திருக்கோணும். தொழுகை முடிச்சு வெளிய வந்து பாத்தேன். மாரமங்கலம் ரோட்டுல கருப்பு ஜீப்பு ஒண்ணு திரும்புச்சு. அவ்வளவுதானுங்க."

"போலீசுல ஏன் சொல்லல?"

"யாருக்கு வித்தீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். என்ன சத்தம் கேட்டீங்கன்னு யாருங்க கேட்டா?"

அந்த ரோட்டில் கருப்பு ஜீப் ஒன்றே ஒன்றுதான். பெங்களூரிலிருந்து வந்து மூணு வாரத்துக்கு முன் பழைய ஹோம்ஸ்டே ஒன்றை வாங்கி நடத்துகிற வெங்கடேஷின் வண்டி.

அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஒண்ணே முக்கால். கேட்டிலிருந்து வீடு வரை பாதையின் இரண்டு பக்கமும் பழைய டயருக்குப் பெயிண்ட் அடித்துப் பூச்செடி வைத்திருந்தார்கள். போர்டிகோவில் கருப்பு ஜீப் நின்றது. பர்ஹானா அதன் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"போச்சுங்க. நாலும் ஆல் டெரெய்ன். ஸ்டெப்னியும் அதேதான்."

வெங்கடேஷ் நாற்பது வயசுக்காரன். மரியாதையானவன். சிரித்த முகமாக வந்து நாற்காலி போட்டான். புதன்கிழமையே போலீஸ் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனதைக் கேட்காமலே சொன்னான். கேட்காமலே சொல்கிறவனைச் சின்னனுக்கு எப்போதும் பிடிக்காது. மச்சான் ஒருவன் ஜீப் வாங்கியிருக்கிறான், என்ன டயர் போடலாம் என்று உங்களிடம் கேட்க வந்தோம் என்று புளுகினார்.

வெங்கடேஷ் உற்சாகமாகிவிட்டான். ஆல் டெரெய்ன்தான் என்றான். மட் டயர் வெறும் வீம்பு, கேபினுக்குள் பேசுவது காதில் விழாது, ஈர வளைவில் பின்பக்கம் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போகும், அந்த ஒரு நொடி வயிறு கலங்கிவிடும் என்றான்.

"ஓட்டிப் பாத்திருக்கீங்களோ?"

"இல்ல, இல்ல. வீடியோவில பார்த்தது. நான் மட் டயரைத் தொட்டதே இல்லை. இந்த செட் போட்டே ஒன்றரை வருஷம் ஆச்சு. பெங்களூர்லயே போட்டது."

வீடியோவில் பார்த்தவனுக்கு வயிறு கலங்குமா என்று சின்னன் கேட்கவில்லை. மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். பட்டன் சந்துகளை ஒவ்வொன்றாக நோண்டினார். கூழாங்கல் வந்தது. பிறகு மஞ்சளாக, மெத்தென்று ஒரு துணுக்கு வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் ஒன்று, ஒரு விதையோடு. மூன்றாவதிலும் இருந்தது. நாலாவதில் குங்குமம் ஒட்டியிருந்தது.

வெங்கடேஷின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. பூஜை ஏதாவது போட்டிருப்பார்கள், வேலைக்காரர்கள் செய்வதெல்லாம் எனக்குத் தெரியாது என்றான்.

அந்த நேரத்தில் காபி டம்ளர்களோடு வெளியே வந்தாள் சமையலுக்கு இருக்கும் வெள்ளையம்மாள். உள்ளூர்க்காரி, சூதுவாது தெரியாதவள். பர்ஹானா டம்ளரை வாங்கிக்கொண்டு, சாதாரணமாக ஊர்க்கதை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏனுங்கக்கா, புது டயருக்கு எலுமிச்சம்பழம் மட்டுந்தானா, பூசணிக்காயும் சுத்துனீங்களா?"

"பூசணிக்காய்க்கு எங்கீங்க போறது, அவசரத்துல. புதங்கெழம வெடியால டயரு மாட்டி வந்து நின்னாரு. பழமாச்சும் வெச்சு ஏத்துங்க சார், புது டயர அப்படியே எடுக்கக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். சார் நொம்ப நல்ல மாதிரி, தட்டாம செஞ்சாரு."

வெள்ளையம்மாள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்து, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெங்கடேஷ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். மறைக்கிறதை விட்டுவிட்டான். விட்டுவிட்டதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சரி, மாத்தினேன். சொந்த வண்டிக்கு டயர் மாத்துறது குற்றமா? பழசைச் சேலத்திலேயே ஒரு லாரிக்காரனுக்குக் கொடுத்துட்டேன். பேர் தெரியாது, நம்பர் தெரியாது. போய்த் தேடிக்கோங்க."

பர்ஹானா எஸ்.ஐ.க்குப் போன் போட்டாள். எலுமிச்சம்பழத் தோலை வைத்துக்கொண்டு ஒரு மனுசனைப் பிடிக்க முடியாது என்றாள் புஷ்பலதா. பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. ராஜேந்திரனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள். போனுக்குப் பின்னால் ஒரு பொம்பளை அழுகிற சத்தம் கேட்டது. கலாவதியாகத்தான் இருக்க வேண்டும். மணி இரண்டே கால்.

சின்னன் எழுந்து கேட்டை நோக்கி நடந்தார். அவர் வாழ்க்கையில் கையில் கிடைத்த மிருகத்தைக் கோட்டைவிட்டது இரண்டே தடவை. இது மூணாவது என்று நினைத்துக்கொண்டார். பின்னால் வந்த பர்ஹானா ஸ்கூட்டியைத் திருப்புவதற்காகப் பாதையோரம் ஒதுங்கினாள். ஒதுங்கியவள் துப்பட்டாவைப் பிடித்துப் பார்த்து முனகினாள்.

"அய்யா, என்ற துப்பட்டா போச்சுங்க. பெருநாளைக்கு எடுத்தது."

துப்பட்டா ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஈரமாக அப்பியிருந்தது.

சின்னன் திரும்பினார். பாதையோரப் பூந்தொட்டி டயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் மொட்டை டயர். வெயிலில் வெளுத்த பெயிண்ட், பாசி பிடித்த மண். கேட்டுக்குப் பக்கத்தில் கடைசி நாலு மட்டும் வேறு மாதிரி இருந்தது. பளிச்சென்ற மஞ்சள், இந்தப் பனியில் இன்னும் காயாமல் நின்றது. உள்ளே நேற்றுத்தான் நட்டது போலச் செடி வாடித் தொங்கியது. ஓரத்தில் முஷ்டி முஷ்டியாகப் பட்டன்.

"இந்தூருல பூச்செடிக்கெல்லாம் ஃபோர் வீல் டிரைவு வேணுமாட்டங்குதுங்க" என்றாள் பர்ஹானா.

சின்னன் ஒவ்வொரு டயராகத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். கை முழுக்க மஞ்சளானது. நகத்தால் சுரண்டிய இடத்தில் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு மண் இருந்தது. அவசரத்தில் கழுவாமலே அடித்திருக்கிறான். மூணாவது டயரில் அவர் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பாதி பட்டன் இல்லை. பிறை நிலா வடிவம். பர்ஹானா போனை எடுத்துக் காலையில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் பிடித்தாள்.

போர்டிகோவிலிருந்து வெங்கடேஷ் எழுந்து நிற்பது தெரிந்தது. ஜீப் சாவி அவன் கையில் இருந்தது. சின்னன் எதுவும் சொல்லாமல் கேட்டைச் சாத்தி, குறுக்கே பர்ஹானாவின் ஸ்கூட்டியை இழுத்து நிறுத்தி, அதற்கு முன்னால் தானும் நின்றுகொண்டார்.

"இடிச்சிட்டுப் போறதுன்னா போங்க சார். இந்தத் தடவ பகல்ல பாத்துக்கிட்டே இடிக்கோணும்" என்றார்.

வெங்கடேஷ் இரண்டு எட்டு வைத்தான். பிறகு போர்டிகோ படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சாவி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை.

பர்ஹானா மறுபடி போன் போட்டாள்; சேலத்துக்குக் கிளம்பிய போலீஸ் வண்டி திரும்பி, மூணு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது அந்த கேட்டுக்கு வந்து நின்றது. பின்சீட்டில் ராஜேந்திரன் இருந்தான். புஷ்பலதா போட்டோவையும் டயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பட்டன் குறையின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள். ராஜேந்திரனை இறங்கச் சொன்னாள். அவன் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றான். பிறகு சின்னன் கையைப் பிடிக்க வந்தான். பெயிண்ட் ஒட்டும் என்று சொல்லி அவர் கையை இழுத்துக்கொண்டார். உன் பெண்சாதி அழுதுகொண்டிருக்கிறாள், முதலில் அவளுக்குப் போன் போடு என்றார்.

படியில் உட்கார்ந்திருந்த வெங்கடேஷிடம் அரைமணி நேரம் விசாரித்துவிட்டு புஷ்பலதா கேட்டுக்கு வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சின்னனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"பனிமூட்டத்துல ஆள் இருந்ததே தெரியலைங்கறாருங்கய்யா. ஏதோ பள்ளத்துல எறங்கிடுச்சுன்னு நெனச்சாராம். மறுநாள் சேதி கேட்டுத்தான் பயந்து மாத்திட்டாராம். தேம்பித் தேம்பி அழுவறாரு. பாத்தா பொய் மாதிரி தெரியலீங்க."

"சேதி என்னைக்குங்க ஊருக்குத் தெரிஞ்சுது?"

"புதன்கெழம காலைல எட்டு, எட்டரைக்கு."

"வெள்ளையம்மா என்ன சொல்லுச்சு? புதங்கெழம வெடியாலயே டயரு மாட்டிட்டு வந்து நின்னாராம். வெடியறப்ப வந்து நிக்கோணும்னா சேலத்துக்கு எத்தன மணிக்கு எறங்கியிருக்கோணும், எந்தக் கடைக்காரன எழுப்பியிருக்கோணும்? பள்ளத்துல எறங்குச்சுன்னு நெனச்சவன் ராத்திரியோட ராத்திரியா அஞ்சு டயர மாத்துவானா சாமி?"

புஷ்பலதா நோட்டை மறுபடி திறந்தாள். அதையும் எழுதிக்கொள்கிறேன், கோர்ட் பார்த்துக்கொள்ளும், சட்டப்படி எல்லாம் சரியாக நடக்கும், நீங்கள் நம்பலாம் என்றாள்.

சின்னன் அவள் எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்தார். எழுதத்தான் செய்தாள். ஆனால் அவர் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அந்த எழுத்து புரியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பர்ஹானா ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்து, ஏறுங்கய்யா என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒண்டிக்கடைப் பக்கமாகப் பனிக்குள் நடக்க ஆரம்பித்தார். நம்பலாமாம் என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரோட்டோரம் காறித் துப்பிவிட்டு மேலே நடந்தார்.